முட்டி இடிக்காத மேஜை

அத்தியாயம் 9

எதிர்வீட்டுக்காரி ஓடி வந்து சால்விங்கைக் கட்டிப்பிடித்ததும், "உன் கையில தங்கம் இருக்கு!" என்று கன்னத்தில் முத்தமிட்டதும் போன வாரக் கதை. கூடத்தில் ஆளுயரத் தையல் பொம்மையின் மேல் பாதி தைத்த கவுன் நின்றது. மகள் ஜோவெலின் மே மாதக் கடைசி ஞாயிறு மாதா கோயில் ஊர்வலத்தில், திருச்சிலுவையைக் கண்டெடுத்த எலேனா ராணியாகச் சிலுவை ஏந்தி, உடுத்தி நடக்கப்போகிற கவுன்.

சால்விங் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சட்டையில் பட்டன் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு வகுப்புக்குப் போகிறவள்.

கவுனைத் தைத்துக்கொண்டிருந்த ஆள் அப்போது சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தார். அவள் கணவர் செவெரினோ. முப்பத்தொரு வருஷம் சரக்குக் கப்பலில் ஓடியவர். தளத்து ஆட்களையெல்லாம் மேய்க்கும் போசனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் ஊரான மோலோவில் சின்னக் குழந்தைகூட அவரை 'போசன்' என்றுதான் கூப்பிடும்.

அன்று சாயங்காலமே வினை வந்தது. வீட்டிலிருந்த தையல் மேஜை சால்விங்கின் அத்தை விட்டுப்போனது. பூவேலை செய்த, குள்ளமான மேஜை. ஆறடிக்கு ஒரு இஞ்ச் குறைவான செவெரினோ அதன் முன்னால் ஒரு காலை வெளியே நீட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் தைப்பார். அன்று முட்டி இழுப்பறையில் இடித்தது. கால் மிதியில் அழுந்தியது. மிஷின் ஒரே ஓட்டமாக ஓடி, அன்னாசி நார்த்துணியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது.

அந்தத் துணியை நெய்யவே மாதக்கணக்காகும். ஊர்வலத்துக்கு இருந்ததோ பதினைந்து நாள்.

சனிக்கிழமை காலை. பூண்டுச் சோறும் கருவாடும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

"புது மேஜை வாங்கிடலாம்," என்றாள் சால்விங். "இன்னிக்கே."

"வாங்கலாம். ஆனா கடையில அது உனக்குன்னு சொல்லணும்."

"எனக்கா? அதுல வச்சு நான் என்ன பண்றது, பரீட்சைப் பேப்பர் திருத்தவா?"

"சால்விங், கெஞ்சிக் கேக்கறேன். அந்தக் கடைத்தெரு பூரா என்னோட கப்பல்ல ஓடினவனுங்க. காதுல விழுந்துச்சுன்னா சாகற வரைக்கும் சொல்லிக்காட்டுவானுங்க."

சால்விங் தட்டைத் தள்ளி வைத்தாள். "நேத்து மார்க்கெட்ல மூணு பேரு, அந்த இடுப்பு மடிப்பை எப்படித் தைச்சேன்னு கேட்டாங்க. மூணு தடவையும் இருமிச் சமாளிச்சேன். நாலாவது ஆள் கேட்டா என்னை ஆஸ்பத்திரியில சேத்துருவாங்க."

செவெரினோவுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"காப்பியடிச்ச பிள்ளையை எழுப்பி நிக்க வைக்கிறவ நான். இப்போ நானே அடுத்தவர் வேலைக்குப் பேர் வாங்கிட்டு நிக்கறேன். சரி, வர்றேன். பொய் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கிட்டு இருப்பேன். அவங்க எப்படி எடுத்துக்கறாங்களோ, அது உன் பாடு."

ஜீப்னி வண்டியில் அவர் தலையைக் குனிந்தே வந்தார். கூரை தாழ்வு. அது அவருக்குப் பழக்கம்தான்.

கடைத்தெருவில் பழைய வளைவுத் தூண்களுக்கு அடியில் இருந்த மரச்சாமான் கடையில், தையல் மேஜைகளுக்கென்றே பின்பக்கம் ஒரு பகுதி இருந்தது. லிஸெட் என்று மார்பில் பெயர் குத்திய விற்பனைப் பெண் சால்விங்கைப் பார்த்ததும் மலர்ந்தாள்.

"வாங்க மேம்! தையல் மேஜையா? உக்காருங்க, உக்காருங்க. சார், நீங்க அந்த சோபாவுல இருங்க. டிவியில பாஸ்கெட்பால் ஓடுது. வீட்டுக்காரங்களுக்குன்னே போட்டிருக்கோம்."

சோபாவில் ஏற்கெனவே இரண்டு கணவன்மார்கள் வாய் பிளந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செவெரினோ உட்காரவில்லை. ஒரு தூணோடு தூணாக நின்றார்.

லிஸெட் வேலை தெரிந்தவள். வெறும் பளபளப்பைக் காட்டி விற்கிற ரகம் இல்லை. சால்விங்கை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, டேப்பால் அளந்தாள்.

"ஊசி உங்க தொப்புளுக்கு நேரா வரணும் மேம். முழங்கை மேஜையோட சமமா இருக்கணும். இந்தா பாருங்க, மிஷின் மேஜைக்குள்ள இறங்கி உக்காந்துக்கும். துணி வழுக்கிட்டுப் போகும், தூக்கிப் பிடிக்க வேண்டாம். பெருசா எதாவது தைக்கிறீங்களா?"

"கவுன்," என்றாள் சால்விங். அது பொய் இல்லை. "பின்னால நாலு முழம் தரையில தவழும்."

"அப்போ பின்பக்கம் பலகை விரிஞ்சு குடுக்கணும். இல்லேன்னா துணியோட கனம் கீழ இழுத்துத் தையலைக் கோணலாக்கிடும்."

தூணருகே நின்றவர் அதைக் கேட்டுத் தன்னை அறியாமல் தலையாட்டினார். அந்தக் கனத்தைத்தான் அவர் மூன்று வாரமாக இடது தோளில் போட்டுக்கொண்டு தைத்துவந்தார்.

லிஸெட் கடைசியில் ஒரு மேஜையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பழுப்பு மெருகு, பூக்கொடிச் செதுக்கல், மூன்று இழுப்பறை. ஐந்தடியைத் தொடாத சால்விங்குக்கு அது அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது.

"கொஞ்சம்... உயரமா இருந்தா நல்லாருக்குமோ?" என்றார் செவெரினோ தூணிலிருந்து.

லிஸெட் திரும்பினாள். "உயரமா இருந்தா மேம் தோளைத் தூக்கிட்டே தைக்கணும் சார். கழுத்து போயிடும். உங்க பொண்டாட்டிக்குக் கழுத்துவலி வரணுமா?"

சோபாவில் இருந்த ஒருவர் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இல்ல... முட்டிக்கு மேல இடம்..."

"மேமுக்கு முட்டிக்கு மேல ஒரு சாண் இடம் இருக்கு சார்."

சால்விங் மேஜையை ஒருமுறை தடவிக்கொடுத்தாள். "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு," என்றாள். அதுவும் பொய் இல்லை.

செவெரினோ அவளை முறைத்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் ஒரு குரல் இடித்தது.

"போசன்!"

காசிமிரோ. செவெரினோவின் கீழ் ஒன்பது வருஷம் கப்பலில் வேலை பார்த்தவன். இப்போது லா பாஸ் மார்க்கெட்டில் பட்சோய் கடை வைத்திருக்கிறான். சூப்பு குடிக்க வருகிறவர்கள் செய்தியும் வாங்கிக்கொண்டு போகிற கடை. முக்காலி வாங்க வந்திருந்தான்.

"பாருங்கப்பா எல்லாரும்! இந்த மனுஷன் புயல்ல கப்பல் சாஞ்சு கிடக்கும்போது, தளத்துல நின்னு சிகரெட் பத்த வச்சவரு!" என்று கடைக்கே அறிமுகம் செய்துவைத்தான். பிறகு சால்விங்கைப் பார்த்துக் கைகூப்பினான். "மனாங் சால்விங்! அக்கா, உங்க கவுன் பேச்சுதான் என் கடையில. தங்கக் கைன்னு சொல்றாங்க. அதுக்குத்தான் மேஜையா? போசன், குடுத்து வச்சவரு நீங்க."

செவெரினோ தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

"பில் போடட்டுமா மேம்?" என்றாள் லிஸெட்.

சால்விங் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேலி போய்விட்டிருந்தது அவள் முகத்திலிருந்து. வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எழுந்து நிற்கட்டும் என்று காத்திருந்தாள். அவர் அசையவில்லை.

"போடும்மா," என்றாள்.

லிஸெட் பேனாவை எடுத்தாள்.

ஒரு மேஜைதானே என்று விட்டுவிடலாம். வீட்டுக்குப் போய் மறுபடி ஒரு காலை வெளியே நீட்டி, மறுபடி தோளில் கனத்தைச் சுமந்து தைக்கலாம். ஆனால் கிழிந்த அந்த ஒரு சாண் துணி செவெரினோவின் கண்ணில் வந்து நின்றது. அதை ஒட்டுப் போட்டது தெரியாமல் எடுக்க வேண்டுமானால், கை நடுங்காமல் ஒரே உட்காரலில் நாலு மணி நேரம் தைக்க வேண்டும். இந்த மேஜையில் முடியாது. தைக்கிறவனுக்குத் தெரியும் அது.

"நிறுத்து," என்றார்.

தளத்தில் போட்ட குரல் அது. சோபாக்காரர்கள் இருவரும் நிமிர்ந்தார்கள்.

அவர் வந்து, சால்விங் எழுந்துகொண்ட நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு முட்டியும் இழுப்பறையில் 'டொக்' என்று இடித்தன.

"இது எனக்குச் சரிப்படாது."

"சார், இது மேமுக்கு..."

"அவளுக்கு இல்லம்மா. எனக்கு." தொண்டையைச் செருமிக்கொண்டார். "என் பொண்ணோட கவுனைத் தைக்கிறது நான்."

டிவியில் யாரோ பந்தைக் கூடையில் போட்டார்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

காசிமிரோதான் முதலில் வெடித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "போசன்! நீங்களா? லேசும் முத்தும் வச்சா? தைச்சு முடிச்சதும் போட்டுப் பார்ப்பீங்களா?"

செவெரினோவின் காது சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"காசிமிரோ, கப்பலுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்க உன்னைத் தொங்கவிட்டோமே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமலா!"

"அந்தத் தொங்கு பலகைக்கு அடியில பட்டை கட்டியிருந்துச்சே, அதைத் தைச்சது யாரு?"

காசிமிரோவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பதினோரு மாசம் என் தையல்ல தொங்கின. கீழ கடல். ஒரு நூல் விட்டுச்சா?"

"...விடல."

"அப்போ உனக்குச் சிரிப்பு வரல."

காசிமிரோ தரையைப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். சும்மா நிற்கக் கூச்சப்பட்டவன்போல் அந்தப் பூக்கொடி மேஜையின் ஒரு முனையைத் தூக்கினான்.

"என்னம்மா பாத்துட்டு நிக்கற?" என்றான் லிஸெட்டிடம். "மறுமுனையைப் பிடி. போசனுக்கு வேற மேஜை கொண்டு வருவோம்."

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது. லிஸெட் டேப்பை எடுத்து முதலிலிருந்து அளந்தாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நேரம் போக்கவில்லை. அது செவெரினோவுக்குப் பிடித்திருந்தது. முட்டி உயரம், முழங்கை உயரம், இடுப்பிலிருந்து மிதி வரைக்குமான நீளம். ஒரு மேஜை முட்டிக்குச் சரியாக வந்தது, முழங்கைக்கு வரவில்லை. இன்னொன்று இரண்டுக்கும் வந்தது, ஆனால் மிஷினை ஓட்டியதும் கிடுகிடுவென்று ஆடியது.

"இது ஆடினா தையல் அலைபாயும். வேண்டாம்," என்றார் செவெரினோ.

ஐந்தாவதாக, கிடங்கிலிருந்து ஒரு மேஜை வந்தது. வெள்ளைப் பலகை, சாம்பல் நிற இரும்புக் கால்கள். திருகைச் சுற்றினால் காலின் உயரம் ஏறி இறங்கும். இழுப்பறையே கிடையாது. பின்பக்கமும் இடப்பக்கமும் பலகைகள் விரிந்தன.

"பள்ளிக்கூட கேன்டீன் மேஜை மாதிரி இருக்கு," என்றாள் சால்விங். "கூடத்துல போடறதா இதை?"

"அழகா முதுகு வலிக்குது எனக்கு இப்போ. போதும் அந்த அழகு."

காசிமிரோ கீழே உட்கார்ந்து திருகைச் சுற்றினான். "இன்னும்?" "இன்னும்." "போதுமா போசன்?" "அரை சுத்து... நிறுத்து."

லிஸெட் காட்சிக்கு வைத்திருந்த மிஷினை அந்த மேஜையின் குழியில் இறக்கினாள். ஒரு வெட்டுத்துணியைக் கொடுத்தாள். செவெரினோ இரண்டு கால்களையும் மேஜைக்கு அடியில் விட்டார். எதுவும் இடிக்கவில்லை. முழங்கைகள் பலகையில் படிந்தன. மிதித்தார்.

துணி தானாகப் போவதுபோல் போனது. ஒரு முழம். திருப்பி இன்னொரு முழம். கோடு போட்டதுபோல் இரண்டு தையல்கள், ஒரு நூல் இடைவெளியில்.

சால்விங் தையலைப் பார்க்கவில்லை, அவர் தோள்களைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்த தோள்கள். கப்பல் அறையின் தாழ்ந்த நிலைப்படி, குட்டைக் கட்டில், ஜீப்னியின் கூரை, அத்தையின் மேஜை என்று எல்லாவற்றுக்கும் குனிந்து குனிந்து முன்னால் வளைந்த தோள்கள். அவை மெல்லக் கீழே இறங்கி, பின்னால் போய், அகன்றன. இந்த மனுஷன் இவ்வளவு பெரியவரா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"என்ன அப்படிப் பார்க்கிற?"

"ஒண்ணுமில்ல. கேன்டீன் மேஜையையே எடுத்துக்கோ."

சோபாவில் இருந்தவர்களில் வயதானவர் எழுந்து வந்து, வெட்டுத்துணியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "என் வீட்டுக்காரிகூட இப்படித் தைக்க மாட்டா," என்றார்.

"டேய் கிழவா, கேக்குது!" என்று கடையின் மறுகோடியிலிருந்து பதில் வந்தது.

மேஜையைக் காசிமிரோ தன் மினி லாரியிலேயே ஏற்றினான். முக்காலிகளை அடுத்த நடையில் எடுத்துக்கொள்கிறேன் என்றான். மோலோ தெருக்களுக்குள் நுழைந்ததும் சால்விங்குக்கு வாய் திறந்துகொண்டது.

ரொட்டிக் கடை வாசலில், "என்ன சால்விங், உனக்கு மேஜையா?" என்று கேட்டார்கள்.

"எனக்கில்ல! இவருக்கு! கவுன் தைக்கிறது இவருதான்!" லாரியில் உட்கார்ந்தபடியே கத்தினாள்.

தண்ணீர் பீப்பாய்க்காரனிடம் சொன்னாள். கேட்காத ட்ரைசிகிள்காரனிடமும் சொன்னாள். செவெரினோ தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

வீட்டு முனையில் எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சால்விங் மூச்சை இழுத்தாள். அதற்குள் செவெரினோ தொப்பியைக் கழற்றிவிட்டு அவரே முந்திக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க முத்தம் குடுத்தது தப்பான ஆளுக்கு. தைச்சது நான்."

அவள் ஈரத் துணியோடு அப்படியே நின்றாள். "அய்யோ மாதாவே," என்றாள். பிறகு, "அப்போ உங்களுக்கும் ஒண்ணு குடுக்கணுமா?"

"அதை நான் பாத்துக்கறேன்," என்றாள் சால்விங்.

சாப்பாட்டைக்கூட எடுக்காமல் செவெரினோ மேஜையை ஜன்னலோரம் போட்டார். ஜோவெலின் கவுனின் வாலைப் பின்பலகையில் பரப்பிக் கொடுத்தாள். கனம் முழுக்க மேஜை வாங்கிக்கொண்டது. கிழிந்த இடத்துக்கு அடியில் அதே துணியின் ஓரவெட்டு ஒன்றை வைத்து, மயிரிழையாகத் தைத்துக்கொண்டே போனார். மூன்று மணிக்கு ஆரம்பித்தவர் ஆறரைக்குத்தான் தலையை நிமிர்த்தினார்.

"எங்க கிழிஞ்சிருந்துச்சு? காட்டு, இன்டாய் கண்ணு."

ஜோவெலின் துணியை விரலால் தடவித் தடவித் தேடினாள். இரண்டு முறை தப்பான இடத்தைக் காட்டினாள். மூன்றாவது முறை விட்டுவிட்டு அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கேக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லட்டுமாப்பா?"

"உங்கம்மா யாரையாவது மிச்சம் வச்சிருந்தா சொல்லு."

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஊர்வலக் குழுவின் தலைவி, டோன்யா ரெமேடியோஸ். எழுபதைத் தாண்டியவர். யார் வீட்டு வாசலையும் மிதிக்காதவர். வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு மூட்டையைத் தானே சுமந்துகொண்டு உள்ளே வந்தார்.

"ரொட்டிக் கடையில ஒண்ணு சொன்னாங்க. நிஜமா?"

"நிஜம்தான்," என்றார் செவெரினோ. எழுந்து நின்றார். இந்தத் தடவை குரலைத் தேட வேண்டியிருக்கவில்லை.

டோன்யா கவுனைத் தூக்கிப் பார்த்தார். உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்தார். மூட்டையைப் புது மேஜையின் மேல் வைத்து அவிழ்த்தார்.

மாதாவின் நீல மேலங்கி. ஊர்வலத்தின் கடைசியில் சொரூபத்தின் மேல் வருகிற மேலங்கி. ஓரம் முழுக்க நைந்திருந்தது.

"எங்க வீட்டுப் பொம்பளைங்க கையைத் தவிர வேற கை இதுல பட்டதில்ல. இப்போ தைக்க எங்க வீட்டுல யாருக்கும் கண்ணு தெரியல. குழுவுல நான் யார் சம்மதமும் கேக்கல. உங்களால முடியுமா?"

சால்விங் மேஜையோரம் கிடந்த வெட்டுத்துணிகளை அவசரமாக அள்ளினாள். தன் வீட்டுக் கூடத்தில், கேன்டீன் மேஜையில், மாதாவின் மேலங்கி.

செவெரினோ கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, முதுகு நிமிர்ந்தபடி உட்கார்ந்தார். மேலங்கியை அங்குலம் அங்குலமாக வெளிச்சத்துக்கு நகர்த்தினார். தோள் பகுதி வந்ததும் கை நின்றது. அங்கே ஒரு பழைய ஒட்டு. ஐம்பது வருஷமாவது இருக்கும்.

"இதைத் தைச்சது உங்க வீட்டுப் பொம்பளை இல்லையே, டோன்யா."

"என்ன சொல்றீங்க?"

"இது கப்பல் பாய் தைக்கிற தையல். உள்ளங்கையில தோல்பட்டை கட்டிக்கிட்டு ஊசியைத் தள்ளிப் போடறது. கப்பலைத் தவிர வேற எங்கயும் இதைக் கத்துக்க முடியாது." விரலை அதன் மேல் மெதுவாக ஓட்டினார். "இதைத் தைச்சவன் கப்பல்காரன். நல்ல வேலைக்காரன்."

டோன்யா ரெமேடியோஸின் கை தன் கழுத்துச் சங்கிலியைப் பற்றிக்கொண்டது. யாரும் சொல்லாமலே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்ல வேலைக்காரன்தான்," என்றார். குரல் ஒரு இளம்பெண்ணுடையதுபோல் இருந்தது. "பேரைச் சொல்றேன். முதல்ல அந்த வாசக் கதவைச் சாத்துங்க."